பழைய மின்னணுக் கருவிகளின் கையேடுகள்: பிழையின்றிப் பிரதி எடுக்கும் முறை

ஒரு கருவி பழுதடைந்தால் அதைச் செப்பனிடலாம். ஆனால் அதன் கையேடு தொலைந்துபோனால், பழுதற்ற கருவியும் பயனற்றதாகிவிடக் கூடும். எந்த முனையில் எவ்வளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும், எந்தத் திருகை எந்த அளவுக்குத் திருப்ப வேண்டும், எரிந்துபோன உறுப்பின் இயல்பான மதிப்பு என்ன என்பனவெல்லாம் கையேட்டில்தான் உள்ளன. உறுப்புகள் ஒரு பெட்டியில் தனித்தனியே வந்து, வாங்கியவரே அவற்றை இணைத்து அமைத்துக்கொள்ளும் 'கிட்' எனப்படும் கருவித் தொகுப்புகளுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தொழிற்சாலையில் முழுமையாக்கப்பட்ட கருவிக்குக் கையேடு ஒரு துணை மட்டுமே. கருவித் தொகுப்புக்கோ கையேடே தொழிற்சாலை.

இத்தகைய தொகுப்புகளின் மூலக் கையேடுகள் இன்று அருகி வருகின்றன. அவற்றின் காகிதம் மஞ்சளித்து நொறுங்குகிறது, மடிப்புகள் கிழிகின்றன, கம்பித் தையல் துருவேறிப் பக்கங்களைக் கறைப்படுத்துகிறது. ஆகவே எஞ்சியவற்றைப் பிரதி எடுத்துப் பாதுகாப்பது அவசியமாகியிருக்கிறது. எனினும் கதைப் புத்தகத்தைப் பிரதி எடுப்பதற்கும் தொழில்நுட்பக் கையேட்டைப் பிரதி எடுப்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. கதையில் ஓர் எழுத்து மங்கினால் வாசகர் ஊகித்துக்கொள்வார். கையேட்டில் ஓர் எண் மாறினால், அதை நம்பியவர் அவ்வெண்ணின்படியே கருவியை அமைப்பார்.

ஹீத்கிட் வரலாறு

கருவித் தொகுப்புகளின் வரலாற்றில் முதன்மையான இடம் பெற்றது, அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிச்சிகன் மாநிலத்தின் பென்ட்டன் ஹார்பர் நகரில் இயங்கிய ஹீத் நிறுவனம். இதன் தொடக்கம் மின்னணுத் துறையில் அன்று, விமானத் துறையில். நிறுவனரான எட்வர்ட் ஹீத், வாங்கியவரே இணைத்துக்கொள்ளக்கூடிய சிறு விமானங்களை விற்றுவந்தார். 1931-இல் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். 1935-இல் ஹோவர்ட் ஆன்தனி என்பவர் நிறுவனத்தை வாங்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், போர்த்தேவைக்கென உற்பத்தியாகி மிஞ்சிய மின்னணு உறுப்புகளை அவர் பெருமளவில் மலிவாக வாங்கினார். அவற்றைக் கொண்டு 1947-இல் ஓர் ஆசிலோஸ்கோப் தொகுப்பை வெளியிட்டார். அதுவரை பெரிய ஆய்வுக்கூடங்களுக்கே எட்டியிருந்த அக்கருவி, அதன்பின் சாதாரண ரேடியோ பழுதுபார்ப்பவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் எட்டியது.

இதைத் தொடர்ந்து வால்வு வோல்ட்மீட்டர், ஒலிபெருக்கி, அமெச்சூர் வானொலிக் கருவிகள், தொலைக்காட்சிப் பெட்டி எனப் பற்பல தொகுப்புகள் வெளிவந்தன. 1977-இல் எச்-8 என்ற கணிப்பொறியும், 1982-இல் ஹீரோ-1 என்ற இயந்திர மனிதனும் தொகுப்புகளாகவே விற்கப்பட்டன. ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகள் மலிவடைந்ததாலும், உறுப்புகள் கையால் பற்றவைக்க இயலாத அளவுக்குச் சிறுத்துவிட்டதாலும், 1992-இல் நிறுவனம் தொகுப்புகளின் விற்பனையை நிறுத்தியது. ஆயினும் அன்று கையால் அமைக்கப்பட்ட கருவிகளுள் பல இன்றும் இயங்குகின்றன. அவற்றைச் செப்பனிடுவோருக்குப் பழைய கையேடே வழிகாட்டி.

கையேட்டின் அமைப்பு

'வாங்கியவரைத் தோல்வியுற விடமாட்டோம்' என்பது ஹீத் நிறுவனம் அளித்த வாக்குறுதி. அவ்வாக்குறுதியை நிறைவேற்றியது அதன் கையேடு. மின்னியல் அறியாத ஒருவரும் பின்பற்றத்தக்க வகையில் வேலை முழுவதும் சிறு சிறு படிகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியின் முன்னும் ஒரு வெற்று அடைப்புக்குறி இருக்கும். படி முடிந்ததும் அதில் குறியிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முனையில் கம்பியைச் செருகும்போது உடனே பற்றவைக்க வேண்டுமா, மேலும் கம்பிகள் வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பதைச் சுருக்க எழுத்துகள் தெரிவிக்கும். பற்றவைக்கும் வேளையில் அம்முனையில் எத்தனை கம்பிகள் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையும் அதனுடன் தரப்பட்டிருக்கும். ஒரு கம்பி விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிகளுக்குத் துணையாக உறுப்புப் பட்டியல், உறுப்புகள் அமர வேண்டிய இடங்களைக் காட்டும் பெரிய மடிப்புப் படங்கள், மின்சுற்றுப் படம், மின்னழுத்த அட்டவணை, சீரமைப்பு முறை, கருவி இயங்காவிடில் செய்ய வேண்டிய சோதனைகள் ஆகியவை அமைந்திருக்கும். அச்சானபின் கண்டறியப்பட்ட திருத்தங்கள் தனித் துண்டுத்தாள்களில் அனுப்பப்பட்டன. வாங்கியவர் அவற்றைப் பார்த்துத் தம் கையேட்டில் பென்சிலால் திருத்திக்கொண்டார்.

இவ்வமைப்பில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே செய்தி மூன்று இடங்களில் மூன்று வடிவில் வருகிறது. ஒரு மின்தடையின் மதிப்பு பட்டியலில் எண்ணாகவும், படிகளில் பெரும்பாலும் நிறங்களின் பெயராகவும், மின்சுற்றுப் படத்தில் குறியீடாகவும் இடம்பெறுகிறது. பிரதியைச் சரிபார்ப்பவருக்கு இது எவ்வளவு பயனுடையது என்பது பின்னர் விளங்கும்.

ஒரு புள்ளியின் விலை

4.7 கிலோ ஓம் மின்தடையின் நிறங்கள் மஞ்சள், ஊதா, சிவப்பு. 47 கிலோ ஓம் மின்தடையின் நிறங்கள் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. அச்சில் இவ்விரு மதிப்புகளையும் வேறுபடுத்துவது ஒரு சிறு புள்ளியே. மங்கிய பிரதியில் புள்ளி மறைந்தால் மதிப்பு பத்து மடங்காகும். கண்ணாடியில் ஒட்டிய தூசி புள்ளியாகப் பதிந்தால் பத்தில் ஒரு பங்காகும். 300 வோல்ட் அழுத்தத்தில் 47 கிலோ ஓம் மின்தடை ஏறத்தாழ 2 வாட் வெப்பத்தை வெளியிடும். அதே இடத்தில் 4.7 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்தினால் 19 வாட் வெப்பம் வெளிப்படும். 3 வாட் தாங்கும் உறுப்பு சில நொடிகளில் புகையத் தொடங்கும். இவ்வபாயத்தைத் தவிர்க்கவே, தசமப் புள்ளிக்குப் பதிலாக எழுத்தையே இட்டு '4 கே 7' என எழுதும் முறை பிற்காலத்தில் சர்வதேசத் தரநிலைகளில் இடம்பெற்றது. பழைய கையேடுகளிலோ புள்ளியே வழக்கு.

மின்தேக்கியைப் பொறுத்தமட்டில் அபாயம் இன்னும் பெரிது. இன்று பிக்கோஃபாரட் எனப்படும் அளவு, பழைய அமெரிக்கக் கையேடுகளில் 'மைக்ரோ மைக்ரோஃபாரட்' என வழங்கியது. அதன் சுருக்கத்தில் 'எம்' என்ற எழுத்து இருமுறை வரும். அவற்றுள் ஒன்று மங்கிவிட்டால் மதிப்பு பத்து லட்சம் மடங்கு மாறும். அன்றியும் மிகப் பழைய ரேடியோப் படங்களில் 'எம்' என்பது ஆயிரத்தைக் குறிப்பதும் உண்டு. பிற்காலப் படங்களில் அதுவே பத்து லட்சத்தைக் குறிக்கிறது. ஆகவே பிரதி எடுப்பவர் குறியீடுகளைத் தாமாக 'நவீனப்படுத்துதல்' கூடாது. உள்ளது உள்ளவாறே பதிய வேண்டும். விளக்கம் தேவையெனில் தனித்தாளில் சேர்க்கலாம்.

உயிருக்கும் இதில் தொடர்பு உண்டு. ஹீத்கிட் எஸ்.பி.-220 என்ற அமெச்சூர் வானொலிப் பெருக்கியில் ஏறத்தாழ 3,000 வோல்ட் அழுத்தம் உண்டு. இத்தகைய கருவிகளில் மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னேற்றம் தங்கியிருக்கக் கூடும். எச்சரிக்கை அச்சான பக்கமே பிரதியில் விடுபட்டுவிட்டால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் மற்றொன்றையும் நோக்க வேண்டும். அமெரிக்க மின்வழங்கல் ஏறத்தாழ 120 வோல்ட், 60 சுழற்சி. இங்கு 230 வோல்ட், 50 சுழற்சி. சில கருவிகளின் மின்மாற்றியில் இரண்டு முதன்மைச் சுருள்கள் உண்டு. 120 வோல்ட்டுக்கு அவற்றைப் பக்க இணைப்பாகவும், 240 வோல்ட்டுக்குத் தொடர் இணைப்பாகவும் அமைக்க வேண்டும். 60 சுழற்சிக்கென்றே வடிவமைத்த மின்மாற்றி, சரியான அழுத்தம் கொடுத்தாலும், 50 சுழற்சியில் அதிகமாகச் சூடேறும். இவற்றைத் தெரிவிப்பது பெரும்பாலும் பக்க ஓரத்திலுள்ள ஒரு சிறு படமும் இரண்டு வரிகளுமே. பிரதி எடுக்கும்போது முதலில் வெட்டுப்படுவதும் பக்க ஓரமே.

இயந்திரம் செய்யும் பிழை

மங்கல் கண்ணுக்குத் தெரியும். அதனால் அது எச்சரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிழையே கொடியது. 2013-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணிப்பொறி விஞ்ஞானி டேவிட் க்ரீசெல் இதற்கு ஓர் உதாரணத்தை வெளியிட்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒருவகை இயந்திரத்தில் கட்டட வரைபடம் ஒன்று ஸ்கேன் செய்யப்பட்டது. மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என வெவ்வேறாக இருந்தன. பிரதியிலோ மூன்றிலும் 14.13 என்றே பதிவாகியிருந்தது. எண்களில் மங்கலோ சிதைவோ இல்லை. அவை தெளிவாகவும் தவறாகவும் இருந்தன.

இதன் காரணம், கோப்பின் அளவைக் குறைக்கக் கையாளப்பட்ட ஜேபிக்-2 என்ற சுருக்க முறை. பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் சிறு வடிவங்களை இம்முறை ஒரே வடிவமாகக் கொண்டு, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே மீண்டும் பதிக்கிறது. எழுத்து சிறிதாகவும் ஸ்கேன் நுண்மை குறைவாகவும் இருந்தால் 6-க்கும் 8-க்கும் உள்ள வேறுபாட்டை அது உணராமற் போகலாம். நிறுவனம் பின்னர் இதற்குத் திருத்த மென்பொருளை வெளியிட்டது. ஆயினும் படிப்பினை நிலையானது: தொழில்நுட்பக் கையேட்டுக்கு இழப்புள்ள வடிவப் பொருத்தச் சுருக்கத்தை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. ஒரு மின்சுற்றுப் படத்தில் 6,800 என்பது 8,800 ஆகிவிட்டால், அதைக் காட்டிக்கொடுக்க மங்கல்கூட இராது.

மூலப் பிரதியைப் பதிவு செய்தல்

முதற்கண் கையேடு முழுமையாக உள்ளதா எனப் பார்த்துப் பக்கங்களையும் மடிப்புப் படங்களையும் துண்டுத்தாள்களையும் எண்ணிப் பட்டியலிட வேண்டும். அட்டையிலுள்ள மாதிரி எண்ணையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரிக் கருவிக்கு வெவ்வேறு ஆண்டுகளில் திருத்திய கையேடுகள் வெளிவந்திருக்கலாம். ஒரு பதிப்பின் படத்தை மற்றொரு பதிப்பின் பக்கங்களோடு சேர்ப்பது பெருங்குழப்பத்தை விளைவிக்கும்.

துருவேறிய கம்பித் தையலை மெல்ல நிமிர்த்தி எடுத்து, தாள்களைச் சில நாட்கள் சீரான பாரத்தின் கீழ் வைத்தால் மடிப்புகள் ஓரளவு சமனாகும். மடிப்பு விழுந்த தாள் கண்ணாடியில் முழுமையாகப் படியாது. அவ்விடங்களில் சில மெலிந்த வகை ஸ்கேனர்கள் மங்கலாகப் பதியும். மெல்லிய தாளின் பின்புற அச்சு முன்புறம் தோன்றினால், பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்துப் பதிவு செய்தால் அது பெரிதும் மறையும்.

நுண்மை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். தசமப் புள்ளியின் விட்டம் 0.3 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அங்குலத்துக்கு 150 பிக்சல் என்ற நுண்மையில் ஒரு பிக்சலின் அகலம் 0.17 மில்லிமீட்டர், புள்ளியின் குறுக்கே இரண்டு பிக்சல்கூட விழாது. 600 என்ற நுண்மையில் ஏழு பிக்சல்கள் விழும். ஆகவே 600 என்பதே தக்க அளவு. வெறும் கறுப்பு வெள்ளையாகப் பதியாமல் சாம்பல் நிறச் சாயல்களுடன் பதிய வேண்டும். ஏனெனில் புகைப்படங்களும், அச்சுச் சுற்றுப் பலகையின் தகட்டுப் பாதைகளைக் காட்டும் நிழல்களும் கறுப்பு வெள்ளையில் அழிந்துவிடும். வண்ணம் உள்ள பக்கங்களை வண்ணத்திலேயே பதிய வேண்டும். அமெரிக்கக் கடிதத் தாளின் ஒரு பக்கம் இந்நுண்மையில் 5,100-க்கு 6,600 பிக்சல்கள் கொண்டது. சாம்பல் சாயலில் ஏறத்தாழ 34 மெகாபைட் இடம் கொள்ளும். சேமிப்புச் சாதனங்கள் மலிந்துள்ள இந்நாளில் இது ஒரு பொருட்டன்று.

இவ்வாறு பெற்ற முதற்பதிவை இழப்பற்ற 'டிஃப்' வடிவில் மாற்றமின்றிப் பாதுகாக்க வேண்டும். கறை நீக்குதல், சாய்வு திருத்துதல் முதலியவற்றை அதன் நகலில் மட்டுமே செய்யலாம். முந்தைய உரிமையாளரின் பென்சில் குறிப்புகளை அழுக்கெனக் கருதி அழிப்பது தவறு. அவற்றுள் சில, துண்டுத்தாளைப் பார்த்து எழுதிய அதிகாரபூர்வத் திருத்தங்களாக இருக்கலாம். தானியங்கிக் 'கறை நீக்கி' தூசியையும் தசமப் புள்ளியையும் பிரித்தறியாது என்பதையும் மறத்தலாகாது. எழுத்துணரி மென்பொருளால் தேடுவதற்கு ஏற்ற எழுத்துருவைப் படத்தின் பின்னால் சேர்ப்பது நன்று. ஆனால் வாசகர் கண்ணுக்குத் தெரிய வேண்டியது மூலப் படமே.

மடிப்புப் படம் ஸ்கேனரைவிடப் பெரிதாயின் பகுதி பகுதியாக, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு பதிந்து இணைக்க வேண்டும். படத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்துப் பதிந்தால், இணைத்தபின் அளவு பிறழ்ந்துள்ளதா என்பது விளங்கும்.

அச்சிடுதலும் உண்மை அளவும்

இங்கு வழங்கும் ஏ4 தாள் 210-க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்கக் கடிதத் தாள் 216-க்கு 279 மில்லிமீட்டர். அச்சு இயந்திரத்தில் 'தாளுக்கு ஏற்பச் சுருக்குக' என்ற கட்டளை இருந்தால் படம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும். 150 மில்லிமீட்டர் நீளத்தில் 4 மில்லிமீட்டருக்கு மேல் இழப்பு ஏற்படும். படிப்பதற்கு இது தடையன்று. ஆனால் துளையிடும் அச்சுப்படம், அளவு வட்டின் முகப்பு, உண்மை அளவில் வரைந்த திருகுகளின் படம் ஆகியவை பயனற்றுப்போகும். ஆகவே அத்தகைய பக்கங்களை 100 விழுக்காடு அளவிலேயே அச்சிட்டு, அளவுகோலால் அளந்து பார்த்தபின் ஏற்க வேண்டும். 11-க்கு 17 அங்குல மடிப்புப் படம் ஏ3 தாளைவிட நீளத்தில் 12 மில்லிமீட்டர் மிகுதி என்பதையும் நினைவிற் கொள்க.

மடிப்புப் படத்தைக் கட்டும்போது, உட்புறம் ஒரு பக்க அகலத்துக்கு வெற்றிடம் விட்டுக் கட்டினால், விரித்த படம் முழுவதும் நூலுக்கு வெளியே நிற்கும். அப்போது படத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே படிகளின் பக்கங்களைப் புரட்டலாம். மேசைமீது தட்டையாக விரிந்து கிடக்கும் சுருள்கம்பிக் கட்டே இதற்கு உகந்தது; ஏனெனில் வேலை செய்பவரின் ஒரு கையில் பற்றவைக்கும் கோலும் மறு கையில் ஈயக் கம்பியும் இருக்கும்.

சரிபார்த்தல்

அச்சகங்களில் நெடுங்காலமாக வழங்கும் முறையே இங்கும் சிறந்தது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் பிரதியில் ஒவ்வோர் எண்ணிலும் குறியிட்டுச் செல்ல வேண்டும். அடுத்து, முன்னர்க் கூறிய மூவகைப் பதிவுகளை ஒப்பிட வேண்டும். மின்சுற்றுப் படத்தில் 47 என்றும், படியில் 'மஞ்சள், ஊதா, சிவப்பு' என்றும் காணப்பட்டால், எங்கோ ஒரு புள்ளி மறைந்துள்ளது என்பது உறுதி. மூலத்தின் ஒரு பக்கம் படிக்க முடியாதபடி சிதைந்திருந்தாலும் இவ்வொப்பீட்டால் பல மதிப்புகளை மீட்கலாம். அவ்வாறு மீட்டவற்றை மூலத்தில் இருந்தவைபோல் சேர்த்துவிடாமல், மீட்கப்பட்டவை எனக் குறிப்பிடுவதே நேர்மை.

உயர்நிலைப் பள்ளி, தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு இவ்வேலை ஒரு நல்ல பயிற்சியாகும். நிறக் குறியீடு, அலகு மாற்றம், மின்சுற்றுப் படம் படித்தல் ஆகியவற்றை அவர்கள் பயனுள்ள வேலையின் வழியே கற்பர்.

பதிப்புரிமை

இணையத்தில் கிடைப்பது அனைத்தும் அச்சிட்டு விற்கத்தக்கதன்று. கருவிகளின் உற்பத்தி நின்றுபோனாலும் கையேட்டின் பதிப்புரிமை வேறொருவர் கையில் உயிருடன் இருக்கலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, இலாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள ஒரு நூலைப் பாதுகாப்பின் பொருட்டு மின்னணு வடிவில் சேமித்து வைக்கலாம். பிரதிகளை விற்பதோ பரவலாக வழங்குவதோ இதில் அடங்காது. அதற்கு உரிமையாளரின் அனுமதி தேவை.

களப்பணியாளரும் ஆசிரியரும் முதலில் செய்யத்தக்கது எளியதே. தம் பொறுப்பிலுள்ள பழைய கருவிகளை வரிசைப்படுத்தி, எவற்றுக்குக் கையேடு உண்டு, எவற்றுக்கு இல்லை எனப் பட்டியலிடலாம். அலமாரியின் அடியில் கிடக்கும் மங்கிய தாள்களைப் பழைய காகிதமென விலைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஹீத் நிறுவனம் புதிய தொகுப்பொன்றை விற்பனைக்கு அனுப்புமுன், கையேட்டை மட்டும் துணையாகக் கொண்டு ஊழியர்களை அதை அமைத்துப் பார்க்கச் செய்தது. பிரதிக்கும் அதே சோதனைதான் உரியது. மூலத்தைக் கண்டிராத ஒருவரிடம் பிரதியைக் கொடுத்து, கருவியின் ஒரு பகுதியை அதன்படி முனைமுனையாகச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அவர் எங்கும் ஐயுற்று நிற்காமல் இறுதிப் படிவரை குறியிட்டு முடித்தால், அப்பிரதியை நம்பிக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கலாம்.